ஓடுகிற வாகனத்துக்கு மட்டும் கட்டிய தரிப்பிடங்கள்

திருகோணமலை நகரில் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம் வைத்திருக்கும் கட்டடங்களின் உரிமையாளர்களுக்கும் முகாமையாளர்களுக்கும், அவற்றின் வரைபடங்களைப் பார்த்து அனுமதி கொடுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

நகருக்குள் இருக்கும் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் தரிப்பிட வாசலில் அண்மையில் ஓர் அறிவித்தல் ஏறியிருக்கிறது. மும்மொழியிலும் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, யாருக்கும் கை எட்டாத உயரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பழுதாகி நிற்கும் வாகனத்தை உரிமையாளர் 2 மணித்தியாலத்துக்குள் அகற்ற வேண்டும். தவறினால் மணித்தியாலக் கணக்கில் தண்டம். பழுதான வாகனத்தைப் பின்தட்டில் ஏற்றிக்கொண்டுபோகும் கெரியர் லொறி சாய்தளத்தில் இறங்கக் கூடாது. அகற்றும்போது தூண், குழாய், தரை எதற்குச் சேதம் வந்தாலும் அகற்ற வந்தவரே பொறுப்பு.

நான் கெரியர் ஓட்டுகிறவன். கெரியர் பற்றிய வரியோடு எனக்குச் சண்டை இல்லை. இறங்கக் கூடாது என்று நீங்கள் சொல்லவே தேவையில்லை, இறங்க முடியாது. ஆனால் கெரியரும் இறங்காது, வாகனமும் தானாக ஏறாது, 2 மணித்தியாலத்தில் அது வெளியே நிற்கவும் வேண்டும், இடையில் என்ன உடைந்தாலும் அது எங்கள் கணக்கு என்றால் எந்த ஊர் நியாயம் இது? அந்தக் கட்டடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே அறிவித்தலைப் பிரதி எடுத்து ஒட்ட இன்னும் சிலர் யோசிப்பதாகக் காதில் விழுந்தது. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். அறிவித்தலை எழுதியவர் அளவு நாடாவைக் கையில் எடுத்ததாகத் தெரியவில்லை. நான் போய்வரும் நிலக்கீழ் தரிப்பிடங்களின் வாசலில் எழுதியிருக்கும் உயரம் பெரும்பாலும் 2.1 மீற்றர், அதாவது 7 அடிக்குச் சற்றுக் குறைவு. கார், ஜீப், உயரம் கூட்டாத சாதாரண வான் எல்லாம் போய்வரும். என் கெரியரின் தலைப்பகுதியே, மேலே சுழலும் மஞ்சள் விளக்கோடு சேர்த்தால், அதைத் தாண்டுகிறது. சரி, விளக்கைக் கழற்றிவிட்டு எப்படியோ நுழைந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்தட்டு தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீற்றர் உயரம். அதன் மேல் ஏறும் கார் 1.5 மீற்றர். ஏற்றியதும் மொத்தம் 2.5 மீற்றர். வெறுமையாக உள்ளே போன லொறி பாரத்தோடு வெளியே வராது. அதற்கு முன்னால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. காரை ஏற்றுவதற்குத் தட்டைப் பின்னால் தள்ளிச் சரிக்க வேண்டும். சரிக்கும்போது தட்டின் முன்பக்கம் எழும்பும். கூரையோடு போகும் தண்ணீர்க் குழாயில் அதுதான் முதலில் இடிக்கும்.

வாசலில் எழுதிய 2.1 மீற்றரையும் நம்பி இறங்க முடியாது. பல இடங்களில் அது வாசல் பீமின் உயரம் மட்டும்தான். உள்ளே போனால் காற்றுக் குழாய், வயர் தட்டு, கழிவுநீர்க் குழாய், தீயணைப்புக் குழாயிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தெளிப்பு முனை என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்றுவிடும். தெளிப்பு முனை ஒன்று உடைந்தால் என்ன நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வால்வு எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும்வரை கொட்டிக்கொண்டே இருக்கும். அப்புறம் சாய்தளம் முடிந்து தரை தொடங்கும் அந்த மடிப்பு. நீளமான வாகனத்தின் முன்சில்லு தரையிலும் பின்சில்லு சரிவிலும் நிற்கும்போது நடு உடம்பு தரையிலிருந்து கூடுதலாக எழும்பி நிற்கும். சமதரையில் தட்டாத வாகனம் அந்த இடத்தில் கூரையைத் தட்டுவது இதனால்தான். எழுதப்பட்ட உயரத்தைப் பார்த்து நம்பி வந்த சாரதியை அப்போது எல்லோரும் ஏசுவார்கள். பலகையை எழுதியவரை யாரும் ஏசுவதில்லை.

கோணேசர் கோயிலுக்கு வந்த ஒரு வான் இப்படி மாட்டியது. ஆட்கள் நிறைய, கூரையில் சாமான் தட்டு. இறங்கும்போது மயிரிழையில் தப்பி உள்ளே போய்விட்டது. எல்லோரும் இறங்கிக் கோயிலுக்குப் போக, பாரம் குறைந்து ஸ்பிரிங் எழும்பிவிட்டது. சாரதி தனியாக வெளியே எடுக்கப் பார்த்தால் சாமான் தட்டு பீமில் கொழுவிக்கொண்டது. என்னைக் கூப்பிட்டபோது கெரியர் தேவைப்படவில்லை. நாலு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கி, தேநீர்க் கடையில் நின்ற பயணிகளைத் திரும்ப வானுக்குள் ஏற்றி, மெதுவாக வெளியே எடுத்தோம். பயணிகள் சிரித்துக்கொண்டுதான் ஏறினார்கள். ஆனால் அந்த நேரம் முழுக்கப் பின்னால் ஒரு வரிசை வாகனங்கள் ஹோர்ன் அடித்தபடி நின்றன. உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே சாய்தளம்.

அது சின்னக் கதை. இப்போது வரும் வாகனங்களோடு நடப்பது வேறு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலம் முழுவதும் இருந்த ஹைபிரிட் கார்களைத்தான் எல்லோரும் ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். அவற்றின் பற்றரிகளுக்கு வயது போய்விட்டது. இறக்குமதி திறந்த பிறகு மின்சார வாகனங்களும் வந்து சேருகின்றன. இந்த இரண்டு வகையிலும் பழைய காரைப் போல கியரை நியூட்ரலுக்குத் தட்டிவிட்டு நாலு பேர் சேர்ந்து தள்ள முடியாது. பல வாகனங்களில் கைப்பிறேக் ஒரு பொத்தான், கியரும் ஒரு பொத்தான். பெரிய பற்றரியில் எவ்வளவு மின் இருந்தாலும், 12 வோல்ட் சின்னப் பற்றரி செத்துப்போனால் அந்தப் பொத்தான்கள் வேலை செய்யாது. முன்சில்லு கியரில் பூட்டு, பின்சில்லு பிறேக்கில் பூட்டு. நாலு சில்லும் தரையில் ஒட்டிய மாதிரி நிற்கும்.

பூட்டு விடுபட்டாலும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஓடக் கூடாது. சில்லு சுழன்றால் உள்ளே இருக்கும் மோட்டரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும், பாகங்கள் கருகும். முன்சில்லு இயக்கம் என்றால் முன்பக்கம் தூக்கியாக வேண்டும், நாலு சில்லு இயக்கம் என்றால் நாலும் தரையைத் தொடக் கூடாது. சாதாரண காரிலும் கயிறு ஆபத்துத்தான். எஞ்சின் ஓடாதபோது பிறேக் மிதி கல்லைப் போல் இறுகிவிடும், ஸ்டியரிங்கைத் திருப்பப் பெரும்பாடு. சரிவின் நடுவில் கயிறு அறுந்தால் கீழே நிற்பவரை யார் காப்பாற்றுவது?

ஒரு மாலை நேரம் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாங்கள் வேண்டுமென்று நேரத்தை இழுக்கிறோம் என்று உங்களில் சிலர் நினைக்கிறீர்கள்.

உவர்மலைப் பக்கம் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். மகன் வெளிநாட்டில். மகனுடைய வீடு ஒரு மாடிக் கட்டடத்தில், ஹைபிரிட் கார் அதன் நிலக்கீழ் தளத்தில். கனகாலம் ஓடாமல் நின்ற கார். அம்மா ஓர் ஓட்டுநரைக் கூட்டிக்கொண்டு வந்து எடுக்கப் பார்த்தால் விளக்குக்கூட எரியவில்லை. நான் போனபோது காரின் மூக்கு சுவரைப் பார்த்தபடி மூலையில் நின்றது. பொனட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண். வலப்பக்கம் தூண். பற்றரியோ பின்பெட்டிக்குள். பின்கதவோ மின்சாரத்தில் திறப்பது.

"தம்பி, இதை வெளியில எடுக்கேலாதா?" என்று கேட்டார் அந்த அம்மா. எடுக்கலாம் ரீச்சர், கொஞ்சம் பொறுங்கோ என்றேன்.

ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவி முன்கதவைத் திறந்து, ஆசனங்களின் மேல் ஊர்ந்து பின்னால் போய், கம்பளத்துக்குக் கீழே இருக்கும் அவசரக் கொழுக்கியைத் தட்டித் தடவிப் பிடித்துப் பின்கதவைத் திறந்தோம். கைப்பற்றரி கொடுத்துப் பார்த்தோம். விளக்குகள் ஒருமுறை மின்னி அணைந்தன. அவ்வளவுதான். இனி டொலிதான் வழி. சில்லை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கும் சின்ன வண்டி அது. காலால் மிதித்து இறுக்குவோம். நாலு சில்லுக்கும் நாலு. அதன் குட்டிச் சக்கரங்கள் எந்தப் பக்கமும் திரும்பும் என்பதால் காரை நின்ற இடத்திலேயே சுற்றி எடுக்கலாம். தூணைத் தொடாமல் மூலையிலிருந்து எடுத்துவிட்டோம். ஒரு கீறல் இல்லை.

சிக்கல் சாய்தளத்தின் அடியில் காத்திருந்தது. மழைத்தண்ணீர் வடிய அங்கே குறுக்கே ஒரு கான், அதன்மேல் இரும்புக் கிராதி. கிராதியின் இடைவெளி டொலியின் சக்கரத்தை விழுங்கும் அளவு. பலகை தேட வேண்டியிருந்தது. பிறகு கயிறு. கெரியர் மேலே வீதியோரம் நிற்கிறது, அதன் வின்ச், அதாவது சுருட்டி இழுக்கும் பொறி, அதன் கயிறு நேராக வந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் சாய்தளம் நடுவில் வளைகிறது. வளைவில் ஒரு கப்பியைக் கட்டித்தான் கயிற்றைத் திருப்ப வேண்டும். எதில் கட்டுவது?

"அண்ணை, தூணில கட்டுங்கோவன்" என்றார் காவலாளி. நல்ல மனுசன், உதவி செய்யத்தான் சொன்னார். நான் கட்டவில்லை. 1500 கிலோ காரை, ஆறு மீற்றர் போக ஒரு மீற்றர் உயரும் சரிவில் ஏற்ற, சில்லு நன்றாக உருண்டாலே கால் தொன்னுக்கு மேல் இழுவை வேண்டும். பூட்டிய சில்லோடு தேய்த்து இழுத்தால் ஒரு தொன்னையும் தாண்டும். கயிறு செங்கோணத்தில் திரும்பினால் கப்பியைக் கட்டிய இடத்தில் விழும் பாரம் இழுவையைப் போல் சுமார் 1.4 மடங்கு, திரும்பி வந்த பக்கமே போனால் 2 மடங்கு. அதை எங்கள் எண்ணத்துக்கு ஒரு தூணின் விளிம்பில் போடுவதா? கொங்கிறீற் விளிம்பு உடைந்து உள்ளே கம்பி தெரிந்தால் உப்புக் காற்று அடிக்கும் இந்த ஊரில் அந்தக் கம்பி எத்தனை மாரி தாங்கும்?

முகாமையாளரிடம் கேட்க வேண்டும் என்றார் காவலாளி. கீழே தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. மேலே ஏறிப் போய் எடுத்தால் முகாமையாளர் கொழும்பில். அவர் இன்னொருவரைக் கேட்க வேண்டும் என்றார். கடைசியில் நண்பர் ஒருவரின் டபுள் கப் பிக்கப்பை வரவழைத்து, வளைவில் நிறுத்தி, நாலு சில்லுக்கும் கட்டை வைத்து, அதன் சட்டத்தில் கப்பியைக் கட்டி இழுத்தோம். இழுவை என்ற வேலை முடிய அதிக நேரம் ஆகவில்லை. பலகை தேடியதும், அனுமதிக்குக் காத்திருந்ததும், டபுள் கப் வந்து சேர்ந்ததும்தான் மாலையைத் தின்றன. அந்த அம்மா சாய்தளத்தின் மேலே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். புதிய அறிவித்தல் அன்று அங்கே இருந்திருந்தால் அவருக்குத் தண்டம் விழுந்திருக்கும். எதற்காக? உங்கள் கட்டடத்தில் கப்பியைக் கட்ட ஒரு வளையம் இல்லாததற்காக.

கிணறு கட்டுகிறவன் கப்பியும் கயிறும் போட ஒரு குறுக்குக் கட்டை வைக்காமல் விடுவதில்லை. நீங்கள் இவ்வளவு செலவழித்து ஒரு பள்ளம் தோண்டியிருக்கிறீர்கள். அதில் இறங்கிய ஒன்று தானாக ஏற முடியாமல் போகும் நாளை யாரும் யோசிக்கவில்லை.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்கும் தெரியும். இந்த நகரம் இருப்பது ஒடுங்கிய நிலத்தில். ஒரு பக்கம் உட்துறைமுகம், மறு பக்கம் திறந்த கடல். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். ஒவ்வொரு அடி ஆழத்துக்கும் காசு தண்ணீராய்ப் போகும். அதனால் கூரையை உயர்த்துங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. கட்டி முடித்த கட்டடத்தில் அது நடக்கிற காரியமும் இல்லை. வேறு நாடுகளில் இந்த வேலைக்கென்றே தாழ்ந்த இழுவை வண்டிகள் வைத்திருக்கிறார்கள். பின்னால் மடித்து வைக்கக்கூடிய தூக்கியோடு பிக்கப் உயரத்தில் இருக்கும், 2 மீற்றருக்குக் கீழே நுழைந்து ஒரு பக்கத்தைத் தூக்கி வெளியே கொண்டுவரும். அப்படி ஒன்றை இங்கே ஒருவர் வாங்கிக் கட்டுப்படியாகும் அளவுக்கு நிலக்கீழ் தரிப்பிடங்கள் இன்னும் இல்லை. கூடும்போது வரலாம். அதுவரை டொலியும் கப்பியும் டபுள் கப்பும்தான். அவற்றை வைத்தே ஒழுங்காகச் செய்யலாம், கட்டடம் கொஞ்சம் ஒத்துழைத்தால்.

வசதிக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. மாரியை நினைத்துப் பாருங்கள். நமக்குப் பெருமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த மாவட்டத்தை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீதியில் முழங்கால் தண்ணீர் நின்றால் அது சாய்தளத்தைத் தேடித்தான் இறங்கும். கீழே பம்பு இருக்கிறது என்பீர்கள். மின்சாரம் போனால் பம்பு ஓடுமா? ஜெனரேற்றர் இருக்கிறது என்பீர்கள். அது எங்கே இருக்கிறது? நான் பார்த்த ஓரிடத்தில் ஜெனரேற்றரும் மின் பலகையும் அதே நிலக்கீழ் தளத்தில், பம்புக்குப் பக்கத்தில். மூன்றும் ஒன்றாகவே மூழ்கும்.

2 அடி தண்ணீர் வந்தால் கார் மிதக்கத் தொடங்கிவிடும். ஒழுங்காக நிறுத்திய கார்கள் ஒன்றோடொன்று இடித்துச் சாய்தளத்துக்குக் குறுக்கே போய் அடைத்து நிற்கும். தண்ணீர் வடிந்த பிறகு எந்தக் காரை முதலில் இழுப்பது என்பதே ஒரு கணக்கு. அதிலும் ஹைபிரிட்டோ மின்சார வாகனமோ மூழ்கியிருந்தால் அதன் செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்ப் பக்கம் கை வைக்கக் கூடாது, ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவும் கூடாது. பற்றரி தண்ணீர் கண்ட பிறகு, அதுவும் உப்புத் தண்ணீர் கண்ட பிறகு, நாட்கள் கழித்தும் தீப்பிடிக்கலாம். அப்படிப்பட்ட வாகனத்தை முதலில் வெட்டவெளிக்குக் கொண்டுபோக வேண்டும். மின்சார வாகனம் ஒன்று கீழே எரிந்தாலும் இதே கதைதான். அணைந்த பின்னும் மறுபடி மூளும் தீ அது. தீயணைப்பு வண்டியும் உங்கள் சாய்தளத்தில் இறங்காது. அணைத்தவர்கள் வாகனத்தை வெளியே இழுக்கக் கயிறு கட்ட ஓரிடம் தேடுவார்கள். அவர்களுக்கும் அங்கே தூண்தான் கிடைக்கும்.

இன்னொன்று. எங்களிடம் டபுள் கப்பை உள்ளே கொண்டுபோய் எஞ்சினை ஓடவிட்டு இழுக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காற்றாடியைப் போடச் சொன்னால் மின்கட்டணம் என்பார்கள். எஞ்சின் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி என்று உட்காரும்போதே காரியம் கைமீறிப் போயிருக்கலாம். டொலியைக் குனிந்து மிதிக்கும் பொடியன் என்னோடு வேலைக்கு வருகிறவன். அவனை வீட்டில் ஒப்படைக்க வேண்டியவன் நான்.

வரைபடத்துக்கு அனுமதி கொடுப்பவர்களிடம் நேரடியாக ஒரு வார்த்தை. எத்தனை வாகனத்துக்கு இடம், ஒவ்வொரு இடத்தின் அகலம் நீளம் என்ன, கார் எப்படித் திரும்பும் என்றெல்லாம் கேட்கிறீர்கள், நல்லது. கோடு கோடாக வரைந்து காட்டுகிறார்கள். அந்தக் கோடுகள் எல்லாம் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் காருடையவை. ஓடாத கார் எந்த வழியால் வெளியே வரும் என்று ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள் என்று இதுவரை யாராவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டால் கட்டடக் கலைஞர் அரை நாளில் விடை கண்டுபிடிப்பார். கட்டி முடித்த பிறகு அந்த விடையை ஒவ்வொரு தடவையும் இருட்டில் குனிந்து நின்று நாங்கள் தேட வேண்டியிருக்கிறது.

இனி நான் கேட்பவற்றைச் சொல்கிறேன். அறிவித்தலை ஒட்டிய முகாமைத்துவம் அதைக் கழற்ற வேண்டும். தண்டம் வேண்டும் என்றே நின்றால், கட்டடத்தின் பொறுப்பாளர் ஒருவர் நேரில் வந்து, தடுப்பைத் திறந்து, இழுக்கும் வழியைக் காட்டிய நேரத்திலிருந்துதான் மணித்தியாலத்தை எண்ண வேண்டும். அனுமதிக்குக் காத்திருக்கும் நேரம் வாகனக்காரர் தலையில் விழக் கூடாது. சேதத்துக்குப் பொறுப்பு என்ற வரியையும் மாற்றி எழுதுங்கள். வேலை தொடங்க முன் இரண்டு தரப்பும் சேர்ந்து தூண், குழாய், தரை, வாகனம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைப்போம். நாங்கள் உடைத்ததற்கு நாங்கள் பொறுப்பு. பழைய வெடிப்புகளுக்கு இல்லை.

உயரப் பலகையை மறுபடி அளந்து எழுதுங்கள். வாசல் பீமில் அளக்காமல், உள்ளே எல்லாவற்றிலும் தாழ்ந்த குழாயின் கீழும் சாய்தள மடிப்பிலும் அளந்து, அதில் குறைந்ததை மீற்றரிலும் அடியிலும் போடுங்கள். அதே உயரத்தில் ஒரு கம்பியைச் சங்கிலியில் சாய்தளத்துக்கு முன்னாலேயே, வாகனம் திரும்பிப் போக இடமிருக்கும் இடத்தில் தொங்கவிடுங்கள். பீமில் இடிப்பதைவிட அதில் இடிப்பது மலிவு.

சாய்தளத்தின் மேலும் ஒவ்வொரு வளைவிலும் இழுவை வளையம் வையுங்கள். இதில் மட்டும் கையிருப்பில் உள்ள போல்ட்டைத் துளைத்துப் பூட்டும் வேலை வேண்டாம். பொறியியலாளர் ஒருவர் கணக்குப் பார்த்து, எத்தனை தொன் தாங்கும் என்பதை வளையத்தின் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். அடியில் இருக்கும் கிராதியை நெருக்கமான இடைவெளியுள்ளதாக மாற்றுங்கள். முடியாவிட்டால் அதை மூட ஒரு தகட்டைக் காவலாளி அறையில் வையுங்கள். நாலு டொலியும் ஒரு கைப்பற்றரியும் கட்டடமே வாங்கி வைத்தால் பாதி நேரம் எங்களைக் கூப்பிடவே தேவையிருக்காது. எங்களுக்கு வருமானம் குறையும், பரவாயில்லை.

மேலே, வீதிக்கும் சாய்தளத்துக்கும் இடையில், கெரியர் நின்று தட்டை இறக்க 12 மீற்றராவது சமதரை வேண்டும். அங்கே பூச்சாடியும் விளம்பரப் பலகையும் வைத்து அடைக்காதீர்கள். இரவிலும் எடுக்கும் ஒரு தொலைபேசி இலக்கத்தை வாசலில் எழுதுங்கள். அதை எடுப்பவருக்குத் தடுப்பைத் திறக்கவும் காற்றாடியைப் போடவும் அதிகாரம் இருக்க வேண்டும். ஜெனரேற்றரையும் மின் பலகையையும் நிலக்கீழ் தளத்தில் வைத்திருப்பவர்கள் அவற்றை மேலே கொண்டுவரும் வேலையை இந்த மாரிக்கு முன்னால் தொடங்குங்கள்.

அனுமதி கொடுக்கும் அதிகாரிகளிடம் இரண்டு விடயங்கள். இனி வரும் ஒவ்வொரு நிலக்கீழ் தரிப்பிட வரைபடத்திலும் ஓடாத வாகனத்தை வெளியே எடுக்கும் வழி, வளையங்களின் இடம், கெரியர் நிற்கும் இடம் மூன்றும் குறிக்கப்பட்டிருந்தால் மட்டும் கையெழுத்து வையுங்கள். ஏற்கெனவே கட்டியவற்றை ஒரு நாள் ஒதுக்கி அளவு நாடாவோடு போய்ப் பாருங்கள். பலகையில் இருப்பதும் கூரையில் இருப்பதும் ஒன்றா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஐப்பசி மழை தொடங்க முன்னர் ஒரு கூட்டம் வையுங்கள். கட்டடக்காரர்கள், அதிகாரிகள், தீயணைப்புப் பிரிவினர், நகரில் கெரியர் வைத்திருக்கும் நாங்கள், எல்லோரும் ஒரே மேசையில். இடத்தையும் நாளையும் எழுத்தில் அறிவியுங்கள். மற்றக் கெரியர்காரர்களைக் கூட்டிவரும் பொறுப்பு என்னுடையது. டொலியும் கப்பியும் கொண்டு வருகிறோம். உங்களில் ஒருவர் தன் காரின் பற்றரியைக் கழற்றிவிட்டு நிலக்கீழ் தளத்தின் மூலையில் நிறுத்தி வைத்தால் போதும். உங்கள் முன்னாலேயே எடுத்துக் காட்டுகிறோம், நேரத்தை நீங்களே பாருங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையில் கெரியர் ஓட்டும் ஒருவன்